சிற்றூர்த் தீயணைப்புத் துறையில் ஆள் குறைப்பு: மாசசூசெட்ஸ் வாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிறு நகரங்களில் குளிர்காலம் முடியும்போது வரவு செலவுத் திட்டத்தின் மீதான விவாதம் தொடங்கிவிடும். பற்றாக்குறை உள்ள ஊர்களில், தீயணைப்புத் துறையில் இரண்டு இடங்களை நிரப்பாமல் விடலாம், ஓவர்டைமைக் குறைக்கலாம் என்ற யோசனைகளும் உடன் எழும். இந்த ஊர்களில் வீடு வாங்கிக் குடியேறிச் சொத்து வரி கட்டிவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. பள்ளிக்கூடத்தைப் பற்றிய கூட்டம் என்றால் திரளாக வரும் நம்மவர்கள், தீயணைப்பு நிலையத்தைப் பற்றிய கூட்டத்துக்கு அவ்வளவாக வருவதில்லை. அங்கே எடுக்கப்படும் முடிவு நம் வீட்டு வாசலுக்கு எத்தனை நிமிடத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் இது குறித்து மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் தரப்படுகிறது.

ஊர்த் தீயணைப்புத் துறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி சொத்து வரியிலிருந்து வருகிறது. மாசசூசெட்ஸில் 351 நகரங்களும் ஊர்களும் உள்ளன. தீயணைப்பு, காவல், பள்ளி, சாலை ஆகிய அனைத்தையும் அந்தந்த ஊரே நடத்துகிறது. நாட்டின் பிற பகுதிகளைப் போல, மாவட்டம் போன்ற கவுண்டி அரசு இங்கே பெரிய பங்கு எதையும் வகிப்பதில்லை. மாநில அரசு தரும் உதவித்தொகை ஓரளவு உண்டு. ஆம்புலன்ஸையும் தீயணைப்புத் துறையே நடத்தும் ஊர்களில், நோயாளியின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பெறும் கட்டணமும் ஊர்க் கணக்கில் சேரும். இருந்தாலும் சுமையின் பெரும்பகுதியை வீட்டு உரிமையாளர்களே தாங்குகிறார்கள்.

வீட்டு விலை ஏறிக்கொண்டே போகிறது, வரியும் ஏறுகிறது. பிறகு ஏன் பற்றாக்குறை?

1980 நவம்பரில் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய ஒரு சட்டமே இதற்கு அடிப்படைக் காரணம். "புரொபசிஷன் இரண்டரை" என்று அழைக்கப்படும் அச்சட்டத்தின்படி, ஓர் ஊர் திரட்டும் மொத்தச் சொத்து வரியின் உச்சவரம்பு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு மட்டுமே உயரலாம். புதிய கட்டடங்களால் வரும் கூடுதல் வரியை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். வீட்டு விலைகள் ஒரே ஆண்டில் 10 விழுக்காடு உயர்ந்தாலும் இந்த வரம்பு அதற்கேற்ப உயராது. விலை ஏற ஏற வரி விகிதம் குறைந்து, மொத்தத் தொகை வரம்புக்குள்ளேயே நிற்கும். உங்கள் வீட்டு மதிப்பு ஏறியதால் ஊருக்குப் பணம் கொட்டுகிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அது சரியல்ல.

செலவுகளுக்கோ அத்தகைய வரம்பு கிடையாது. ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதிய நிதிக்கான பங்கு, சிறப்புக் கல்வி ஆகியவை பல ஆண்டுகளில் 2.5 விழுக்காட்டை எளிதாகத் தாண்டிவிடுகின்றன. புதிய குடியிருப்புகளோ அலுவலக வளாகங்களோ எழாத சிற்றூர்களில் இந்த இடைவெளி ஆண்டுதோறும் அகலமாகிறது. இதில் நிர்வாகத்தின் ஊதாரித்தனம் என்று ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. மிகச் சிக்கனமாக நடத்தப்படும் ஊருக்கும் ஒருநாள் இந்த நெருக்கடி வந்தே தீரும்.

தீயணைப்புத் துறையில் ஆளைக் குறைப்பது ஏன் இவ்வளவு சீக்கிரம் பேச்சுக்கு வருகிறது?

அத்துறையின் செலவில் மிகப் பெரும்பகுதி சம்பளமும் அதைச் சார்ந்த செலவுகளுமாக இருப்பதால்தான். வண்டி ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டது, கட்டடம் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கை வைக்கக்கூடிய இடம் ஆட்கள் மட்டுமே.

இன்னொரு காரணமும் உண்டு. அதுவே எனக்கு அதிகக் கவலை தருவது. ஆள் குறைப்பு கண்ணுக்குத் தெரியாது. நூலகத்தின் நேரத்தைக் குறைத்தால் மறுநாளே பூட்டிய கதவைப் பார்ப்போம். பள்ளியில் இசை வகுப்பை நிறுத்தினால் பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லும். தீயணைப்பு நிலையத்தில் ஒரு ஷிப்டுக்கு ஓர் ஆளைக் குறைத்தால், அதே கட்டடம் அதே விளக்குகளோடு நிற்கும், அதே சிவப்பு வண்டி வெளியே வரும். வண்டிக்குள் ஓர் இருக்கை காலியாக இருப்பதைச் சாலையில் நிற்கும் எவரும் கவனிப்பதில்லை. இடத்தைப் பிடிக்க ஆளில்லாத அந்த இருக்கையைத்தான் இந்தப் பக்கம் முழுவதும் பேசப்போகிறோம்.

"ஒரே ஓர் இடம்தான் குறைகிறது" என்கிறார்களே?

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். மாசசூசெட்ஸில் முழுநேரத் தீயணைப்பு வீரர்கள் பொதுவாக நான்கு குழுக்களாகப் பிரிந்து, 24 மணி நேர ஷிப்டுகளில், சராசரியாக வாரத்துக்கு 42 மணி நேரம் பணிபுரிகிறார்கள். ஆகவே வண்டியில் ஓர் இருக்கையில் இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டுமானால் நான்கு பேர் தேவை. விடுப்பு, நோய், காயம், பயிற்சி ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால் நான்குக்கும் மேல்.

இதை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நான்கு குழுக்களில் ஒன்றில் ஓர் இடம் காலியாக விடப்பட்டால், நான்கு நாளுக்கு ஒருநாள் அந்த ஊரில் ஓர் ஆள் குறைவு. அந்தக் குழு பணியில் இருக்கும் நாளில்தான் உங்கள் வீட்டில் புகை கிளம்பும் என்றோ கிளம்பாது என்றோ யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே "மொத்தம் எத்தனை பணியிடங்கள்" என்ற கேள்வி நம்மைத் திசைதிருப்பும். "எந்த நேரத்திலும் நிலையத்தில் குறைந்தது எத்தனை பேர்" என்ற எண்ணே காப்பாற்றப்பட வேண்டியது. ஊரின் வரவு செலவை ஆராயும் நிதிக் குழுவின் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

ஒரு ஷிப்டில் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

நேரடியாக ஊருக்கு ஊர் எண்ணிக்கையை நிர்ணயிக்கும் சட்டம் இல்லை. ஆனால் இரண்டு விதிமுறைகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. 2001ஆம் ஆண்டு வெளியிட்ட 1710 என்ற தரநிலை. முழுநேர வீரர்களைக் கொண்ட துறைகளில் ஒரு தீயணைப்பு வண்டியில் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும், அழைப்பு வந்ததிலிருந்து உடை அணிந்து புறப்பட 80 விநாடிகளுக்கு மேல் ஆகக்கூடாது, முதல் வண்டி 4 நிமிடப் பயண நேரத்தில் வந்துசேர வேண்டும் என்று அது கூறுகிறது. தன்னார்வலர்களை நம்பியிருக்கும் துறைகளுக்காக 1720 என்ற தனித் தரநிலை எழுதப்பட்டது. அதன்படி, மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப்புறத்தில் 14 நிமிடத்துக்குள் 6 பேர் சேர வேண்டும். இவை சட்டங்கள் அல்ல. ஊர் ஏற்றுக்கொண்டால் மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனாலும் ஒரு துறை எங்கே நிற்கிறது என்பதை அளக்க இவற்றைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இரண்டாவது, கூட்டாட்சி அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷா வகுத்த விதி. "உள்ளே இருவர், வெளியே இருவர்" என்று தீயணைப்பு வீரர்கள் சொல்வது இதைத்தான். எரியும் கட்டடத்துக்குள் நுழைபவர்கள் இருவராகவே நுழைய வேண்டும்; அவர்களுக்கு ஆபத்து நேர்ந்தால் மீட்பதற்காக வெளியே குறைந்தது இருவர் தயாராக நிற்க வேண்டும். உள்ளே உயிர் சிக்கியிருப்பதாகத் தெரிந்து உடனடி மீட்பில் இறங்கும் நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஊர் ஊழியர்களுக்கும் ஓஷாவுக்கு இணையான பாதுகாப்பு தரப்பட வேண்டும் என்ற மாசசூசெட்ஸ் சட்டம் 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மூன்று பேரோடு வந்து நிற்கும் வண்டி, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தால், நான்காவது ஆள் வரும்வரை வெளியிலிருந்தே தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

மூன்று பேருக்கும் நான்கு பேருக்கும் அப்படி என்ன பெரிய வேறுபாடு?

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். மணி 2.40. நிலையத்தில் நான்கு பேர். நெஞ்சுவலி என்று ஓர் அழைப்பு வர, பாராமெடிக் பயிற்சி பெற்ற இருவர் ஆம்புலன்ஸில் புறப்பட்டுப் போகிறார்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய், நோயாளியை ஒப்படைத்து, வண்டியைத் துடைத்துத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். 3.05க்கு இரண்டு மாடி மரவீடு ஒன்றில் சமையலறை தீப்பற்றியதாக இரண்டாவது அழைப்பு. இப்போது வண்டியில் ஏறுபவர்கள் இருவர்; நிலையத்தில் மூன்று பேரே இருந்திருந்தால் ஒருவர்.

வந்து இறங்கியதும் ஒருவர் பம்பை இயக்க வேண்டும். அவர் பம்பின் இயக்குப் பலகையை விட்டு நகர முடியாது. வண்டியின் தொட்டியில் உள்ள நீர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால் யாராவது தெருவோர ஹைட்ரண்டிலிருந்து பெரிய குழாயை இழுத்து இணைக்க வேண்டும். யாராவது வீட்டைச் சுற்றிவந்து புகை எங்கே அடர்ந்திருக்கிறது, எந்த சன்னலில் ஆள் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நீர் நிரம்பிய குழாயைக் கதவு, திருப்பம், மாடிப்படி வழியாக இழுத்துச் செல்ல இருவர் வேண்டும். ஒருவர் முனையைப் பிடித்திருக்க, மற்றவர் பின்னால் வளைவுகளில் சிக்காமல் தள்ளிக்கொடுக்க வேண்டும். மேல்மாடி சன்னலுக்கு ஏணி சாத்த வேண்டும். தூங்கும் அறைகளைத் தேட வேண்டும். இவை எல்லாம் ஒரே சமயத்தில் நடக்க வேண்டியவை. ஆள் குறைவாக இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். வரிசையில் கடைசியாகத் தள்ளப்படுவது பெரும்பாலும் மேல்மாடியைத் தேடுவதாகவே இருக்கும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 2,000 சதுர அடி கொண்ட இரண்டு மாடி வீட்டில் 22 பணிகளை வெவ்வேறு எண்ணிக்கையுள்ள குழுக்களைக் கொண்டு செய்யவைத்து நேரம் பார்த்தார்கள். வண்டிக்கு நான்கு பேராக வந்த குழுக்கள், மூன்று பேராக வந்தவற்றைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு, அதாவது சுமார் 5 நிமிடம் முன்னதாக எல்லாப் பணிகளையும் முடித்தன. இருவராக வந்தவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு 7 நிமிடம். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாகத் தெரிவது, எரியும் வீட்டின் முன் இந்த நிமிடங்களாக வந்து நிற்கிறது.

முன்பைவிடத் தீவிபத்துகள் குறைந்துவிட்டனவே, பிறகு எதற்கு இத்தனை பேர்?

தீவிபத்துகள் குறைந்தது உண்மை. புகை உணரிகளும் கட்டட விதிகளும் அதற்குக் காரணம். அழைப்புகளில் தீ தொடர்பானவை இப்போது நூற்றுக்கு நான்கு என்ற அளவில்தான் உள்ளன. ஆனால் மொத்த அழைப்புகள் குறையவில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவை மருத்துவ அழைப்புகள்: மூச்சுத்திணறல், மாரடைப்பு, வழுக்கி விழுந்த முதியவர், நெடுஞ்சாலை விபத்து. ஊரில் முதியோர் எண்ணிக்கை கூடக்கூட அவையும் கூடுகின்றன. ஒரே சமயத்தில் இரண்டு அழைப்புகள் வருவதும் அதனாலேயே அடிக்கடி நிகழ்கிறது.

நடக்கும் தீவிபத்துகளோ முன்பைவிட வேகமாகப் பரவுகின்றன. பாலியூரிதேன் நுரை நிரப்பிய சோபாக்களும் செயற்கை இழைத் திரைகளும் உள்ள இன்றைய கூடம் ஒன்றையும், பருத்தியும் மரமும் கொண்ட பழங்காலக் கூடம் ஒன்றையும், பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யு.எல். ஆய்வகம் பக்கத்தில் பக்கத்தில் எரித்துப் பார்த்தது. இன்றைய அறை 5 நிமிடத்துக்குள் முழுவதும் ஒரே பிழம்பாகியது. பழைய அறைக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆனது. தாத்தா காலத்தில் பக்கத்து ஊர் வண்டி வரும்வரை காத்திருக்க நேரம் இருந்தது. இன்றைக்கு அந்த நேரம் இல்லை.

பக்கத்து ஊர் வண்டிகள் உதவிக்கு வருமே?

வரும், மியூச்சுவல் எய்ட் என்ற அந்த ஏற்பாடு நியூ இங்கிலாந்து ஊர்களின் பெருமைக்குரிய மரபு. 2018 செப்டம்பர் 13 அன்று லாரன்ஸ், ஆண்டோவர், நார்த் ஆண்டோவர் ஆகிய மூன்று இடங்களில் எரிவாயுக் குழாய்களில் அழுத்தம் மிகுந்து, ஒரே மாலையில் பல வீடுகள் வெடித்தும் எரிந்தும் போனபோது, மாநிலம் முழுவதிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வண்டிகள் வந்து குவிந்தன. அந்த மூன்று ஊர்கள் தனியாக அதைச் சமாளித்திருக்கவே முடியாது.

அந்த ஏற்பாடு அத்தகைய பெரும் சம்பவங்களுக்காக உருவானது. ஓர் ஊர் தன் அன்றாட ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட அதையே நம்பத் தொடங்கினால் இரண்டு சிக்கல்கள் எழும். ஒன்று, தூரம்: பக்கத்து ஊர் நிலையம் ஏழெட்டு மைல் தள்ளி இருந்தால் பனிக்கால இரவில் 15 நிமிடம் ஆகலாம். மற்றொன்று, பக்கத்து ஊரும் அதே 2.5 விழுக்காட்டு வரம்புக்குள் அதே ஆண்டில் அதே யோசனையைச் செய்துகொண்டிருக்கும். எல்லா ஊரும் ஒன்றை ஒன்று நம்பி ஆளைக் குறைத்தால் உதவிக்கு வர எவரும் மிஞ்சமாட்டார்கள்.

தன்னார்வலர்களை வைத்துச் சமாளிக்க முடியாதா?

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இன்றும் தன்னார்வலர்களே. அவர்கள் இல்லாமல் இந்நாட்டுக் கிராமப்புறம் ஒருநாளும் பாதுகாப்பாக இருந்திருக்காது. ஆனால் அவர்களின் எண்ணிக்கை தேய்ந்து வருகிறது. 1984இல் 8,97,750 ஆக இருந்தது 2020இல் 6,76,900 ஆனது. ஊரிலேயே வேலை, ஊரிலேயே வீடு என்றிருந்த காலம் போய்விட்டது. பகல் நேரத்தில் பலர் 40 மைல் தள்ளி அலுவலகத்தில் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சியும் தேவைப்படுகிறது. மாசசூசெட்ஸ் ஊர்களில் அழைப்புக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும், ஆங்கிலத்தில் "கால் ஃபயர்ஃபைட்டர்" எனப்படும் வீரர்கள் பலர் உள்ளனர். அவர்களை ஊக்குவித்து முழுநேர வீரர்களோடு இணைத்து வைத்துக்கொள்வது நல்ல வழி. முழுநேர இடங்களை ஒழித்துவிட்டு அந்தச் சுமையையும் அவர்கள் தலையில் வைப்பது, இருப்பவர்களையும் விரட்டிவிடும்.

ஓவர்டைம் செலவு கண்ணைக் கரிக்கிறது. அதைக் குறைத்தால் போதாதா?

ஓவர்டைம் ஏன் வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும். ஷிப்டில் நான்கு பேர் என்பது விதியாக இருந்து, ஒருவர் விடுப்பில் போனால், இன்னொருவரை ஓவர்டைமில் அழைத்தாக வேண்டும். காலியிடங்களை நிரப்பாமல் விட்டால் அந்தத் தொகை ஏறும்; ஏறிய தொகையைக் காட்டி மேலும் வெட்டுவார்கள். பல ஊர்களில் இந்தச் சுழலை நான் கவனித்து வருகிறேன். ஓவர்டைம் ஒதுக்கீட்டை மட்டும் வெட்டி, ஆளும் சேர்க்காமல் விட்டால், பலன் ஒன்றுதான்: பணம் தீர்ந்த மாதத்திலிருந்து ஷிப்டில் ஆள் குறையும், அல்லது இரண்டாவது நிலையம் சில நாட்கள் மூடிக்கிடக்கும். களைத்துப்போன வீரர்கள் தொடர்ச்சியாக 48 மணி நேரம் பணியில் இருப்பதும் யாருக்கும் நல்லதல்ல. நிலையான காலியிடங்களை நிரப்புவது ஓவர்டைமைவிட மலிவாகவும் இருக்கலாம். எது எவ்வளவு என்று துறைத் தலைவரிடம் கேட்டால் எண்களோடு சொல்வார்.

கூட்டாட்சி அரசின் மானியம் கிடைக்காதா?

கிடைக்க வாய்ப்பு உண்டு. சேஃபர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மானியத் திட்டத்தைப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா நடத்துகிறது. புதிய வீரர்களைச் சேர்க்க மூன்று ஆண்டுகளுக்கு நிதி தருவதே அதன் முக்கியப் பகுதி. சட்டப்படியான பங்கீட்டில், முதல் இரண்டு ஆண்டுகள் செலவில் 75 விழுக்காடு வரையிலும் மூன்றாம் ஆண்டு 35 விழுக்காடு வரையிலும் கூட்டாட்சி ஏற்கும். மீதியை ஊர் போட வேண்டும். தன்னார்வலர்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் தனிப்பகுதி உண்டு. 2024 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இத்திட்டத்துக்கு மறு அனுமதி வழங்கியது.

ஆனால் விண்ணப்பிக்கும் முன் நான்காவது ஆண்டைப் பற்றி எழுத்துமூலம் ஒரு திட்டம் இருக்க வேண்டும். மானியம் முடிந்ததும் அந்தச் சம்பளம் முழுவதும் ஊரின் தலையில் விழும். அதற்கான வழி செய்யாமல் நான்கு பேரைச் சேர்த்துவிட்டு, மூன்று ஆண்டு கழித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பும் ஊர், பயிற்சிக்குச் செலவிட்ட பணத்தையும் இழக்கிறது, அந்த இளைஞர்களின் நம்பிக்கையையும் இழக்கிறது. ஏற்கெனவே ஊர் கொடுத்துவரும் சம்பளத்தை மானியத்துக்கு மாற்றிவிட்டுச் சொந்தப் பணத்தை வேறு பக்கம் திருப்புவதை விதிகள் அனுமதிப்பதில்லை.

ஆள் குறைந்தால் வீட்டுக் காப்பீட்டுத் தொகை ஏறுமா?

ஏறக்கூடும். காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தகவல் தரும் ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பு ஒவ்வொரு பகுதியின் தீயணைப்புத் திறனை 1 முதல் 10 வரை தரப்படுத்துகிறது, 1 சிறந்தது. மதிப்பெண்களில் 50 தீயணைப்புத் துறைக்கும், 40 நீர் வழங்கலுக்கும், 10 அவசர அழைப்பு மையத்துக்கும் உரியவை. பணியில் உள்ள ஆட்களின் எண்ணிக்கை முதல் பகுதியில் கணக்கிடப்படுகிறது. தரம் மாறினால் தொகை எவ்வளவு மாறும் என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். உங்கள் முகவரிடமே கேளுங்கள்.

ஓவர்ரைடு என்றால் என்ன? என் வீட்டுக்கு எவ்வளவு கூடும்?

2.5 விழுக்காட்டு வரம்பை நிரந்தரமாக உயர்த்திக்கொள்ள வாக்காளர்களிடம் அனுமதி கேட்கும் வாக்கெடுப்பே ஓவர்ரைடு. ஊரின் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவான செலக்ட் போர்டு அதை வாக்குச்சீட்டில் வைக்க வேண்டும். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் ஆம் என்றால் நிறைவேறும். வண்டி வாங்குவது, நிலையம் கட்டுவது போன்றவற்றுக்காகக் கடன் தீரும்வரை மட்டும் வரியை உயர்த்தும் வேறொரு வாக்கெடுப்பும் உண்டு. சம்பளத்துக்கு அது பயன்படாது.

தொகையைக் கணக்கிடுவது கடினமன்று. எடுத்துக்காட்டாக, ஓர் ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு 240 கோடி டாலர் என்றும், ஓர் இருக்கையைக் காக்க நான்கு வீரர்களுக்குச் சம்பளமும் சலுகைகளும் சேர்த்து 4,80,000 டாலர் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் டாலர் மதிப்புக்கு 20 சென்ட் கூடும். 6 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 120 டாலர்; மாதத்துக்கு 10 டாலர். உங்கள் ஊரின் மொத்த மதிப்பு மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் கிடைக்கும். உண்மையான எண்களை இட்டுப் பாருங்கள். நிலையான வருமானத்தில் வாழும் முதியவர்களுக்கு 120 டாலரும் சுமைதான் என்பதை மறக்கக்கூடாது. அவர்களுக்கான வரிச் சலுகைகளை அதே கூட்டத்தில் பேசுவது நியாயமானது; அது ஓவர்ரைடு வெற்றி பெறவும் உதவும்.

சேமிப்பு நிதியிலிருந்து எடுத்து இந்த ஆண்டை ஓட்டிவிடலாமே?

ஓராண்டுக்குப் பாலமாக உதவும். ஒருமுறை வரும் பணத்தைக் கொண்டு ஆண்டுதோறும் வரும் சம்பளத்தைக் கொடுத்தால் அடுத்த ஆண்டு பற்றாக்குறை இன்னும் பெரிதாகும். அடுத்த வசந்தத்துக்குள் ஓவர்ரைடு அல்லது வேறு நிலையான வருவாய் என்ற உறுதியோடு மட்டும் இதை ஆதரிக்கலாம்.

வேறு ஊர்களில் தீயணைப்புக்கான பொதுப்பணம் இல்லாதபோது என்ன நடந்தது?

பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டனில் 2012 ஜூலையில் கையிருப்பு வற்றிப்போய், தீயணைப்பு வீரர்கள் உள்பட நகர ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் மட்டுமே கொடுக்கப்பட்டது. டென்னசியின் சவுத் ஃபுல்டன் என்ற சிற்றூர் தன் எல்லைக்கு வெளியே உள்ள வீடுகளுக்கு ஆண்டுக்கு 75 டாலர் கட்டணத்தில் தீயணைப்புச் சேவை தந்தது. 2010இல் அக்கட்டணம் கட்டாத ஒரு குடும்பத்தின் வீடு எரிந்தபோது, வந்த வீரர்கள் கட்டணம் கட்டியிருந்த பக்கத்து வீட்டாரின் நிலத்துக்குத் தீ பரவாமல் காத்துவிட்டு, அந்த வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்தது. அந்த வீரர்களை அந்த நிலையில் நிறுத்திய ஏற்பாட்டை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. தீயணைப்பு, சேர்ந்து வரி கட்டிச் சேர்ந்து காத்துக்கொள்ளும் பொதுப்பணியாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எனக்குக் குடியுரிமை இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

எச்1பி விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பவர்கள் வரி கட்டினாலும், ஊர் வாக்காளர்கள் கூடி வரவு செலவை முடிவு செய்யும் டவுன் மீட்டிங்கில் வாக்களிக்க முடியாது. அதற்குக் குடியுரிமையும் வாக்காளர் பதிவும் வேண்டும். ஆனால் நிதிக் குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அங்கே போகலாம், கடிதம் எழுதலாம். டவுன் மீட்டிங்கிலும் அவைத் தலைவரான மாடரேட்டரிடம் அனுமதி பெற்றுப் பேச வழியுண்டு. குடியுரிமை பெற்றவர்கள், கூட்டத்துக்கு 10 நாட்கள் முன்னதாகவே பதிவு செய்திருக்கிறோமா என்று ஊர் எழுத்தர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சிற்றூர் டவுன் மீட்டிங்குகளுக்குப் பல ஆயிரம் வாக்காளர்களில் ஓரிரு நூறு பேர் மட்டுமே வருவது வழக்கம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து போனாலே அந்த அரங்கில் கணக்கு மாறிவிடும்.

நிதிக் குழுக் கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதைவிட, பதிவேட்டில் உள்ள எண்களைக் கேட்பது பலன் தரும். சென்ற ஆண்டு எத்தனை நாட்கள் ஷிப்டில் குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள்? ஓர் அழைப்பில் இருக்கும்போதே இரண்டாவது அழைப்பு வந்தது எத்தனை முறை? அப்போது நிலையத்தில் எவருமே இல்லாமல் போனது எத்தனை முறை? பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் நம் ஊருக்கு வந்ததால் நாம் இழந்த கட்டணம் எவ்வளவு? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆள் இல்லாததால் கைவிட்டுப்போன ஒவ்வோர் ஆம்புலன்ஸ் பயணமும் ஊருக்கு வரவேண்டிய வருவாய். சில ஊர்களில் ஓர் ஆளை மீட்டெடுக்கும் செலவில் கணிசமான பங்கை அதுவே ஈடுசெய்யும்.

இந்த எண்கள் துறைத் தலைவரிடம் இருக்கும். அவர் தாமாக முன்வந்து சொல்லத் தயங்கலாம். தமக்கு மேலே உள்ள நிர்வாகியின் திட்டத்தை மேடையில் மறுப்பது அவருக்கு எளிதல்ல. மக்கள் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பள்ளிக்கும் தீயணைப்புக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால்?

அப்படி ஒரு கேள்வியை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. பள்ளி ஒதுக்கீடு பெரியது, தீயணைப்பு ஒதுக்கீடு அதன் அருகே மிகச் சிறியது. ஓர் இருக்கையை வெட்டிப் பள்ளியின் பள்ளத்தை நிரப்ப முடியாது. இரண்டும் ஒரே வரம்பால் நெருக்கப்படுகின்றன. பள்ளிப் பெற்றோரும் தீயணைப்பு வீரர்களின் குடும்பங்களும் ஒரே ஓவர்ரைடுக்காகச் சேர்ந்து உழைப்பதே இருதரப்புக்கும் நல்லது.

ஓவர்ரைடு தோற்றுவிட்டால்?

புதிய நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கும் முன் சிறிது காலம் இருக்கும். அதற்குள் மூன்று காரியங்களை வற்புறுத்தலாம். முதலாவது, குறைந்தபட்ச ஷிப்ட் எண்ணிக்கையை செலக்ட் போர்டு தீர்மானமாக எழுதிவைத்து, வெட்டு எங்கே விழுந்தாலும் அந்த எண்ணுக்குக் கீழே போகாது என்று அறிவிக்க வேண்டும். வண்டி வாங்குவதையும் கட்டடப் பழுதையும் அதற்காக ஓராண்டு தள்ளிப்போடலாம். இரண்டாவது, வேலை நீக்கத்துக்கு முன், ஓய்வுபெறப் போகிறவர்களின் இடங்களைக் கொண்டு சரிக்கட்ட முடியுமா என்று தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றாவது, ஆள் குறைந்த ஒவ்வொரு ஷிப்டையும் துறை மாதந்தோறும் ஊருக்கு அறிவிக்க வேண்டும். தோற்ற ஓவர்ரைடு அடுத்த ஆண்டு சிறிய தொகையோடும் தெளிவான எண்களோடும் மீண்டும் வைக்கப்பட்டு வென்ற ஊர்கள் உண்டு. அந்த எண்களைச் சேகரிக்கும் வேலை ஜூலையிலேயே தொடங்க வேண்டும்.